ஜனவரியில் எழுதும் இலக்கு மார்ச்சில் ஏன் நின்றுவிடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வயது 33. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவருக்குத் தாய். ஒவ்வொரு ஜனவரியிலும் நோட்டில் மூன்று இலக்குகளை எழுதுகிறீர்கள்: குரூப் 4 தேர்வில் தேர்ச்சி, எட்டுக் கிலோ எடைக் குறைப்பு, மாதம் ஐயாயிரம் ரூபாய் சேமிப்பு. மார்ச் வருவதற்குள் மூன்றும் நின்றுவிடுகின்றன. இலக்கை எழுதிவைத்தால் நடக்கும், 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றெல்லாம் சொல்கிறார்களே, எந்த முறை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள்: "அல்லது எனக்கு மன உறுதியே கிடையாதா?" உங்களை அரிக்கும் கேள்வி அதுதான் என்று தோன்றுவதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் உளவியல் படித்தவன். பல ஆண்டுகளாக அரசுத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல வேலைக்கும் போய்க்கொண்டு குடும்பத்தையும் சுமப்பவர்கள். வீட்டையும் அலுவலகத்தையும் ஒரு நாளும் விட்டுவிடாமல் நடத்துகிற ஒருவரிடம் மன உறுதி இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். மார்ச்சில் நின்றுபோவதும் உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில், புத்தாண்டு உறுதிமொழி எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முதல் வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 விழுக்காடு. இரண்டு ஆண்டு முடிவில் மிஞ்சியவர்கள் 19 விழுக்காடு. உங்கள் மூன்று இலக்குகளும் எழுதப்பட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு செய்திகளை ஒதுக்கிவைக்க வேண்டும்.

இலக்கை எழுதிவைப்பது பற்றி உலவும் கதை இது: 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் மூன்று விழுக்காட்டினர் மட்டும் இலக்கை எழுதிவைத்திருந்தார்களாம், இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தையும்விட அவர்கள் சொத்து அதிகமாக இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் தேடிப் பார்த்தார்கள், பல்கலைக்கழகமும் மறுத்துவிட்டது. மேடைப் பேச்சாளர்கள் மட்டும் இன்னும் விடவில்லை. 21 நாள் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், மாறிய முகத்துக்குப் பழகத் தம் நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' எப்போதோ உதிர்ந்துபோனது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் இதை அளந்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு சிறு செயல் தன்னிச்சையாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவில் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். காலையில் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி தாமதமாகப் பழகியது. அதே ஆய்வில் உங்களுக்கு இன்னும் முக்கியமான ஒரு தகவல் உண்டு: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. 22ஆம் நாள் கடினமாக இருந்ததென்றோ, ஒரு நாள் விட்டுப்போனதென்றோ முழுவதையும் கைவிட்டிருந்தீர்கள் என்றால், அந்த முடிவுக்குக் காரணம் ஒரு தவறான கணக்கு.

இனி உறுதியாகத் தெரிந்த செய்திக்கு வருகிறேன். இலக்கு பற்றிய ஆராய்ச்சியில் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும்தான் முன்னோடிகள். அவர்கள் பல பத்தாண்டுகளாகக் காட்டியது இது: 'முடிந்த அளவு செய்' என்பதைவிட, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 விழுக்காடுதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூலியை உயர்த்தாமல், '94 விழுக்காடு ஏற்றுங்கள்' என்று மட்டும் சொன்னதில் சில மாதங்களில் அது 90 விழுக்காட்டைத் தொட்டது. லேதமும் ஒரு சக ஆய்வாளரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இது. தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இந்த ஒரு பாதியைத்தான் சொல்வார்கள். லாரிக்கு மரம் ஏற்ற அந்த ஓட்டுநர்களுக்கு முன்பே தெரியும் என்பதை மறந்துவிடுவார்கள். தெரியாத வேலையில் இதே முறை கெடுதலாக முடிகிறது. ரூத் கான்ஃபர், பிலிப் அக்கர்மன் இருவரும் அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை ஒத்த ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்து 1989இல் எழுதினார்கள். கற்கும் தொடக்கத்திலேயே மதிப்பெண் இலக்கு வைத்தால் கவனம் இலக்கின் மேல் போய்விடுகிறது, கற்பதற்கு மிச்சமிருப்பதில்லை. அந்தக் கட்டத்தில் 'இத்தனை மதிப்பெண்' என்பதைவிட 'இதைச் செய்யும் வழிகளைக் கண்டுபிடி' என்ற கற்றல் இலக்குதான் பயன் தருகிறது என்று லேதமே பிற்பாடு காட்டினார். பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் புத்தகத்தைத் திறக்கும் உங்களுக்கு இது நேராகப் பொருந்தும்.

இப்போது உங்கள் நோட்டைப் பாருங்கள். மூன்று இலக்குகளும் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை மூன்று வேறு வகை. சேமிப்பு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது, ஒரே ஒரு முடிவில் தீர்ந்துவிடும். எடை ஓரளவுதான் உங்கள் கையில், மீதியை உடல் தீர்மானிக்கிறது. தேர்வு முடிவோ மற்றவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணையும் காலிப் பணியிட எண்ணிக்கையையும் பொறுத்தது. மூன்றையும் மன உறுதி என்ற ஒரே நுகத்தில் பூட்டியதால்தான் எல்லாம் சேர்ந்து சாய்கின்றன. ஒன்று தவறியதும் 'நான் இப்படித்தான்' என்று மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறீர்கள்.

சேமிப்பை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். சம்பளம் வரும் வங்கிக் கணக்கிலிருந்து, சம்பள நாளுக்கு மறுநாளே தொடர் வைப்புக்கு (ஆர்.டி.) பணம் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பது என்பது எவருக்கும் நடப்பதில்லை. ஐயாயிரம் முடியாவிட்டால் இரண்டாயிரத்தில் தொடங்கி, சம்பள உயர்வு வரும் மாதத்தில் கூட்டுங்கள். அதன் பிறகு அது உங்கள் இலக்குப் பட்டியலில் இருக்கவே வேண்டாம்.

எடை விஷயத்தில் கிலோவை இலக்காக வைக்காதீர்கள் என்பேன். நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. தினமும் நடை, சர்க்கரையும் மாவுப்பண்டமும் குறைந்த உணவு என்று பழக்கம் மாற்றிக்கொண்டவர்களுக்கு, மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எடைக் கருவியை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் அத்தனை பேரும் 'தோற்றுவிட்டோம்' என்று மூன்றாம் மாதமே நிறுத்தியிருப்பார்கள். ஆகவே இலக்கு 'இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நடை' என்று இருக்கட்டும். கருவியில் ஏறுவதை மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தைராய்டு போன்ற தொல்லை இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இருந்தால் மருத்துவர் சொல்வதே முடிவு.

மீதியிருப்பது தேர்வு. அதைத்தான் நீங்கள் மிகவும் விரும்புகிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. குரூப் 4 என்பது 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியில் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மொத்தத்தில் 90 என்பது தகுதி மதிப்பெண். ஆனால் வேலை தருவது தரவரிசைதான். 'தேர்ச்சி பெறுவேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தில் நீங்கள் நாளைக் காலை செய்ய வேண்டியது எதுவும் இல்லை. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இன்று எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, எந்தப் பாடத்தை எடுக்கப்போகிறீர்கள் என்பதற்கு நோட்டில் இடமே இல்லை.

இந்த 'எப்போது, எங்கே' என்பதைப் பற்றித்தான் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி இரண்டு நாளுக்குள் அனுப்பச் சொன்னார். பாதிப் பேரை மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்னதாகக் குறித்துவைக்கச் சொன்னார். குறித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலானோர் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். 2006இல் இப்படிப்பட்ட 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் இதை மந்திரம் என்று உங்களுக்கு விற்க விரும்பவில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களிடம் காய்ச்சல் தடுப்பூசிக்கான நாளையும் நேரத்தையும் எழுதச் சொல்லிப் பார்த்தபோது, போட்டுக்கொண்டவர்கள் 33 விழுக்காட்டிலிருந்து 37ஆக உயர்ந்தார்கள், அவ்வளவுதான். பலன் உண்டு, வாழ்க்கைச் சிக்கல்களுக்கு நடுவே அது சிறியதாகத்தான் இருக்கும். செலவில்லாத ஒரு வழி என்பதால் நான் எல்லோரையும் செய்யச் சொல்கிறேன்.

உங்களுக்கு எழுதித் தருவதானால் இப்படி எழுதுவேன்: "ராத்திரிப் பாத்திரம் கழுவி முடித்ததும், கூடத்து மேசையில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஓர் இயல்." கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் முடிவில் கட்டிவைப்பது உங்களைப் போன்றவர்களுக்கு நன்றாக நிற்கிறது, ஏனென்றால் உங்கள் ஒன்பது மணி தினமும் ஒன்பதுக்கு வருவதில்லை. அதோடு தடையையும் முன்கூட்டியே எழுதுங்கள்: "மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் தாமதமாக வந்தால், அன்று இயல் கிடையாது, பத்துக் கேள்விகள் மட்டும்." உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் இதைத்தான் வலியுறுத்துகிறார். வெற்றியை மட்டும் கற்பனை செய்தவர்கள் பெரும்பாலும் குறைவாகவே சாதித்தார்கள். விரும்பியதையும் குறுக்கே நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் முன்னேறினார்கள். அரசு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்லும் காணொளிகளை நீங்கள் நிறுத்திவிடலாம்.

முதல் மூன்று மாதம் மதிப்பெண் இலக்கு வேண்டாம். ஆறு முதல் பத்து வரையான சமச்சீர்ப் புத்தகங்களை எந்த வரிசையில் படித்தால் உங்களுக்கு நிற்கிறது, எந்தப் பகுதி தடுக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அப்போதைய இலக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாளின் பாதியைப் போட்டுப் பாருங்கள். தவறியவற்றின் பக்கத்தில் 'தெரியாது', 'மறந்துவிட்டது', 'கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து பார்ப்பது நிலைக்கிறது என்பது கற்றல் ஆராய்ச்சியில் மிக உறுதியான முடிவுகளில் ஒன்று. ரோடிகர், கார்ப்பிக்கி இருவரின் 2006ஆம் ஆண்டுச் சோதனையில், மறுவாசிப்புச் செய்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவு வைத்திருந்தார்கள், தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் 56 விழுக்காடு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் மறுவாசிப்புக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். வாசித்ததும் 'எல்லாம் தெரிகிறது' என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எத்தனை காலம் ஆகும் என்று கேட்பீர்கள். நீங்கள் போடும் கணக்கு எதுவானாலும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன எண்ணைவிடவும் அது அதிகம். ஜனவரியில் போட்ட அட்டவணை பிப்ரவரியில் உதைப்பதற்குச் சோம்பல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. செய்ததைச் சுவரில் மாட்டிய காலண்டரில் தினமும் குறித்துவாருங்கள். 138 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, முன்னேற்றத்தைக் கவனித்துவருவது உதவுகிறது என்றும், அதை எழுத்தில் பதிந்துவைத்தால் இன்னும் உதவுகிறது என்றும் 2016இல் காட்டியது.

சந்தேகமாகவே இருக்கும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மன உறுதி நாள் முழுவதும் செலவாகித் தீர்ந்துபோகும் சரக்கு என்று 1998இலிருந்து நம்பப்பட்டது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது அந்த விளைவு ஏறத்தாழத் தென்படவே இல்லை. இரவில் களைப்பாக இருப்பது உண்மை, அது தூக்கத்தின் கணக்கு. இலக்கை ஊருக்குச் சொன்னால் நடக்குமா, சொல்லாமல் இருந்தால் நடக்குமா என்பதிலும் முடிவான பதில் இல்லை. சொல்லிவிட்டாலே பாதி கிடைத்துவிட்ட திருப்தி வந்து உழைப்பு குறைகிறது என்று கால்விட்சர் 2009இல் எழுதினார், ஆனால் அவை சிறிய ஆய்வுகள். என் அனுபவத்தில், எல்லோருக்கும் அறிவிப்பதைவிட ஒரே ஒருவரிடம் வாரம் ஒரு முறை கணக்குக் காட்டுவது நன்றாக நடக்கிறது. ஆய்வாக அல்ல, பார்த்ததாகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் மேற்கோள் காட்டியவற்றில் பெரும்பகுதி, மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. ராத்திரி ஒரு மணி நேரத்தை யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி அந்த ஆய்வகங்களுக்குள் வரவே இல்லை. உங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி. என்னிடம் படித்த பெண்களில் தொடர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும், வீட்டு வேலையில் ஏதோ ஒன்றைக் கணவரோ மாமியாரோ முழுப் பொறுப்பாக எடுத்துக்கொண்ட வீடுகளைச் சேர்ந்தவர்கள். 'முடிந்தபோது உதவுகிறேன்' என்ற வாக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. 'பிள்ளைகளின் வீட்டுப்பாடம் இனி என் பொறுப்பு' என்று ஒருவர் சொன்னால் நிற்கிறது. அட்டவணை போடும் முன்பே இந்தப் பேச்சை வீட்டில் முடித்துவிடுங்கள். கேட்பது சங்கடமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் ஒரு மணி நேரம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முயன்றும் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, பிடித்தவற்றிலும் நாட்டமில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அதை இலக்குப் பிரச்சினையாக நினைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, யாரும் சொல்ல விரும்பாத ஒன்று. எப்போது நிறுத்துவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அடைய முடியாத இலக்கிலிருந்து விலகி வேறொன்றில் ஈடுபட முடிந்தவர்களின் மனநலம் மேம்பட்டிருக்கிறது என்று கார்ஸ்டன் ராஷ் குழுவினர் 2003இல் காட்டினார்கள். ஆண்டுக்கணக்காக அதே தேர்வுக்குப் படித்து, விடவும் முடியாமல் எழுதவும் முடியாமல் தவிப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பிரிவுக்கும் கல்வித் தகுதிக்கும் வயது வரம்பு என்ன என்பதை அறிவிக்கையில் பாருங்கள். இரண்டு தேர்வுகள், அவ்வளவுதான் என்று உங்கள் கணவரோடு சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதப் படிப்புக்குப் பின் முழு வினாத்தாள்களில் உங்கள் மதிப்பெண் முந்தைய கட்-ஆஃபிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அந்த இடைவெளி சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் தொடருங்கள். அசையவே இல்லையென்றால், கணக்குப் பிரிவில் உங்களுக்கு இருக்கும் அனுபவத்தோடு டேலி, ஜிஎஸ்டி கணக்கு போன்றவற்றில் மேலே போவது, அரசு வேலைக்குக் குறைந்ததாக நான் நினைக்காத ஒரு வழி. அந்த ஆறாம் மாதத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்கு முன்னால், சோர்வான ஒரு ராத்திரியில், தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்காதீர்கள்.